தெருவைச் செப்பனிடும் செலவு: நன்கொடையா, பங்கா, வரியா?

சொல்லொன்றைப் பொருத்தமின்றித் தேர்ந்தமையால் ஒரு தெருவில் வாழ்வோர் இரு பிரிவினர் ஆயினர். அந்நிகழ்ச்சியை முன்வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. சொல்லைத் தேர்ந்தவர் நாமே ஆதலின், பிறர்மேல் குறைகாணும் நோக்கம் இதற்கு இல்லை.

நாம் குடியிருக்கும் தாமான் பெரியதன்று. முன்னர் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த வரிசை வீடுகள் அவை. எமது தெரு ஒருமுனை அடைபட்ட தெரு. நாற்பது வீடுகள் கொண்டது. அதன் தார் பல ஆண்டுகளாகவே பெயர்ந்து வந்தது. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில், குழி எது, தேங்கிய நீர் எது எனப் பிரித்தறிய இயலாமல், இடைநிலைப் பள்ளி மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளுடன் விழுந்து கையை முறித்துக்கொண்டான். அதன் பின்னரே குடியிருப்போர் சங்கம் விழித்துக்கொண்டது. தெரு முழுமைக்கும் புதிதாகத் தார் இட ஏறத்தாழ 60,000 ரிங்கிட் ஆகும் எனக் குத்தகையாளர் ஒருவர் மதிப்பிட்டார். வீட்டிற்கு 1,500 ரிங்கிட் எனச் சங்கம் முடிவு செய்து, மலாய் மொழியில் ஒரு கடிதம் தயாரித்தது. தமிழ்க் குடும்பங்களுக்காக அதனைத் தமிழாக்கித் தரும் பணி, தமிழ் கற்பிப்பவர் என்ற முறையில் எம்மிடம் வந்தது.

மலாய்க் கடிதத்தில் இருந்த சொல் ‘சும்பாங்கான்’ என்பது. அச்சொல் நன்கொடையையும் குறிக்கும். பொதுப்பணிக்கு ஒருவர் செலுத்தும் பங்களிப்பையும் குறிக்கும். நாம் அதிகம் சிந்தியாமல் ‘நன்கொடை’ என எழுதிக் கொடுத்தோம். கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எம்மை நோக்கி, “தம்பி, நன்கொடைன்னு எழுதியிருக்கீங்க. நன்கொடைக்கு யாராவது தொகையைக் குறிச்சுக் கேப்பாங்களா?” என்று வினவினார். சிலர் சிரித்தனர். எம்மிடம் விடையில்லை.

அன்று சிரிப்புடன் முடிந்த அது, அடுத்த மாதம் வேறு வடிவம் கொண்டது. பணம் செலுத்தியோரின் பெயர்ப் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல் என்ற தலைப்புடன், விளையாட்டுத் திடலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெற்றது. பட்டியலில் இல்லாத வீடுகள் எவை என்பது எவருக்கும் எளிதில் விளங்கும். கணவரை இழந்து, சொக்சோ உதவித்தொகையில் வாழும் அம்மையார் ஒருவர் மாலை வேளைகளில் வாயிலில் அமர்வதை நிறுத்திக்கொண்டார். செலுத்தியோர் சிலர், செலுத்தாதோரின் கார்கள் கடந்து செல்லும்போது உரக்கப் பேசினர். கொடை என்பது கொடுப்பாரை உயர்த்துவது. அச்சொல் நுழைந்த இடத்தில் கொடாதார் தாமாகவே தாழ்ந்துபோகின்றனர். தம் வாயிலின் முன்னுள்ள தெருவிற்குத் தாமே செலுத்தும் தொகை எவ்வாறு கொடையாகும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

தெரு யாருடையது?

எந்தச் சொல் பொருந்தும் என்பதற்கு முன், தெரு எவருடையது என்பது தெளிவாக வேண்டும். கூட்டத்தில் மிகுதியாகக் கேட்ட எதிர்ப்பு இது: “வீட்டு வரி கட்டுகிறோம், நிலவரி கட்டுகிறோம், சாலை வரியும் கட்டுகிறோம், பிறகு எதற்காக இது?” இவ்வினாவில் நியாயம் உண்டு. எனினும் இம்மூன்றும் மூன்று வெவ்வேறு பைகளுக்குச் செல்வன. மோட்டார் வாகனங்களுக்கான சாலை வரி கூட்டரசிற்கு உரியது. பெயரில் சாலை இருப்பதனால் அது எமது தெருவிற்கு வந்துவிடுவதில்லை. நிலவரி மாநில அரசின் வருவாய். வீட்டு வரி எனவும், மலாய் வழக்கை ஒட்டிக் கதவு வரி எனவும் நம்மவர் வழங்கும் மதிப்பீட்டு வரியே ஊராட்சி மன்றத்தைச் சேர்வது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) இதனை இரு வகையாக விதிக்க இடமளிக்கின்றது. வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை அடிப்படையாகக் கொண்டால் அதன் 35 விழுக்காட்டிற்கு மேற்படாமலும், கட்டடத்துடன் கூடிய சொத்து மதிப்பை அடிப்படையாகக் கொண்டால் 5 விழுக்காட்டிற்கு மேற்படாமலும் விதிக்கலாம். ஜொகூர் மாநிலம் பின்பற்றுவது இரண்டாவது முறையை. இவ்வரியிலிருந்தே குப்பை அகற்றல், வடிகால், தெருவிளக்கு, பூங்கா முதலிய பலவும் நடைபெற வேண்டியுள்ளன.

சாலைகளுக்கெனத் தனியே ஒரு நிதி உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆம் விதியும் பத்தாம் அட்டவணையும், மாநிலச் சாலைகளின் பராமரிப்பிற்குக் கூட்டரசு மானியம் வழங்க வகைசெய்கின்றன. தகுதி பெற்ற சாலைகளின் நீளத்தைக் கொண்டு அம்மானியம் கணக்கிடப்படுகின்றது. மாரிஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பதிவுத் தகவல் முறையில் ஒரு சாலை பதிவாகியிருத்தல் இதற்கு இன்றியமையாதது. பதிவில் இல்லாத தெரு, அரசுக் கணக்கைப் பொறுத்தவரை, நீளமே இல்லாத தெரு எனலாம்.

வீடமைப்பு நிறுவனம் தெருவை முறைப்படி ஒப்படைத்து, உரிய அதிகாரத்தினர் அதனை ஏற்றுக்கொண்ட பின்னரே இவையெல்லாம் நிகழும். அதுவரை என்ன? இதற்கான விடை நம் ஒவ்வொருவரின் இரும்புப் பெட்டியிலும் உள்ளது. நிலத்துடன் கூடிய வீட்டை வாங்குவோர் கையொப்பமிடும் விற்பனை ஒப்பந்தம், 1989ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டு விதிமுறைகளின் ‘ஜி’ அட்டவணைப்படி அமைவது. சாலை, வடிகால் முதலியவற்றை அமைத்து, அவற்றை உரிய அதிகாரத்தினர் ஏற்றுக்கொள்ளச் செய்வதற்கு இயன்ற அனைத்தையும் நிறுவனம் செய்தல் வேண்டும் என்றும், அவ்வாறு ஏற்கப்பெறும் வரை பராமரிப்புச் செலவில் நியாயமான ஒரு பகுதியை வாங்குவோர் ஏற்கவேண்டும் என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு. தமிழ் ஆவணங்களைச் சொல் சொல்லாக ஆராயும் நாம், எமது ஒப்பந்தத்தின் இப்பிரிவைக் கையொப்பமிட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னரே படித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முனைவர்ப் பட்ட ஆய்வின் பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், இத்தகைய தெரு ஒன்றின் ஓரமாக நாள்தோறும் நடந்து சென்றோம். சுற்றியிருந்த தெருக்கள் எல்லாம் ஒழுங்காயிருக்க, அது மட்டும் குண்டும் குழியுமாய் இருந்தது. ஆங்கே இத்தகைய தெருவைத் ‘தத்தெடுக்கப்படாத தெரு’ என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். பெற்றோர் கைவிட்டனர், உற்றார் ஏற்கவில்லை என்பதாக ஓர் இரக்கம் அச்சொல்லில் தொனிக்கக் கண்டு அந்நாளில் வியந்ததுண்டு. இத்தகைய தெருவைச் செப்பனிடும் செலவைத் தெருமுகப்பு உடையோரிடம் பங்கிட்டுப் பெறும் முறையை 1892ஆம் ஆண்டுத் தனியார் தெருப்பணிச் சட்டம் அந்நாட்டில் வகுத்தது. முகப்பின் நீளமே பொது அளவு. எனினும் ஒருவர் பெறும் பயனின் ஏற்றத்தாழ்வையும் கருத்திற் கொள்ள அது இடமளித்தது. தனியார் தெருவின் செலவை முகப்புடையோர் ஏற்கவேண்டும் என்னும் கருத்து, மலேசியாவின் 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்திலும் (சட்டம் 133), சிங்கப்பூரின் தெருப்பணிச் சட்டத்திலும் தொடர்கின்றது.

எந்த அளவுகோல்?

வீட்டிற்கு 1,500 என்பது கேட்பதற்கு எளிமையானது. ஆனால் எமது தெருவின் வீடுகள் ஒரே தன்மையன அல்ல. கணக்கு எளிதில் விளங்குமாறு எண்களைச் சற்றே முழுமையாக்கிக் கூறுவோம். முப்பத்திரண்டு இடைவீடுகள், ஒவ்வொன்றும் 20 அடி முகப்பு. எட்டு மூலை வீடுகள். ஒவ்வொன்றும் 45 அடி. மொத்த முகப்பு 1,000 அடி. முகப்பளவில் பங்கிட்டால் அடிக்கு 60 ரிங்கிட். இடைவீட்டார் 1,200, மூலை வீட்டார் 2,700 செலுத்த நேரும். வீட்டு வரிக்குரிய ஆண்டு மதிப்பில் பங்கிட்டால் நிலை மீண்டும் மாறும். இடைவீட்டின் ஆண்டு மதிப்பு 12,000 எனவும் மூலை வீட்டின் மதிப்பு 18,000 எனவும் கொள்வோமாயின், முன்னவர் ஏறத்தாழ 1,364, பின்னவர் ஏறத்தாழ 2,045 செலுத்துவர்.

இம்மூன்றும் வெறும் கணக்கு வேறுபாடுகள் அல்ல. தெரு என்பது யாது என்னும் மூன்று கருத்துகள். வீட்டிற்கு இவ்வளவு என்போர் தெருவை ஒரு குடும்பச் சொத்தாகக் காண்கின்றனர். முகப்பளவு கேட்போர் அதனை நிலத்தின் விளிம்பாகக் கருதுகின்றனர். மதிப்பைக் கேட்போர், வசதி உடையோர் மிகுதியாகத் தாங்கவேண்டிய பொதுச்சுமை என்று கொள்கின்றனர். மூலை வீட்டார் ஒருவர், தம் வாயில் ஒரு பக்கமே திறக்கின்றது, மற்றப் பக்கம் வெறும் சுவர், சுவருக்கு எதற்குத் தார் என்று வாதிட்டார். தெருமுனையில் இருப்பவரோ, தாம் பயன்படுத்துவது முதல் முப்பது அடியை மட்டுமே, அடைபட்ட முனையில் இருப்பவரே தெரு முழுவதையும் தேய்க்கிறார் என்றார். மூன்று லோரி வைத்திருப்பவரை நோக்கி எவரும் எதுவும் கூறவில்லை. அவர் தேவைப்படும்போதெல்லாம் லோரி இரவல் தருபவர். வாடகைக்குக் குடியிருப்போர் செலுத்த வேண்டுமா, வீட்டு உரிமையாளரா என்ற வினாவும் எழுந்தது. தெரு சீரானால் உயர்வது வீட்டின் விலை. அவ்வுயர்வு உரிமையாளருக்கே உரியது. ஆகவே பங்கும் அவருடையதே என்பது எமது கருத்து.

தமிழர் வணிக மரபில் இவ்விரண்டு அளவுகோல்களும் ஒருங்கே வழக்கில் இருந்தன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கிகள் நடத்திய நகரத்தார், தம் பொதுக் காரியங்களுக்குப் ‘புள்ளி வரி’ என ஒன்றையும் ‘ஆஸ்தி வரி’ என ஒன்றையும் தமக்குள் விதித்துக்கொண்டனர். மணமான ஆடவர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளி வரியில் செல்வரும் எளியரும் ஒன்றே செலுத்துவர். ஆஸ்தி வரி சொத்தின் அளவிற்கேற்ப அமைவது. வணிகத்தில் ஒரு சிறு பகுதியைப் பொது நிதிக்கென ஒதுக்கும் ‘மகமை’ நகரத்தாரிடமும் நாடார் உறவின்முறைகளிடமும் இருந்தது. மகமை நன்கொடையன்று, அரசன் விதித்த வரியும் அன்று. கூடி வாழ்வோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டு, தட்டாமல் செலுத்தியது. எமது கடிதத்திற்குத் தேவைப்பட்ட கருத்து இதுவே. ஆயினும் மகமையைத் தட்டாமல் செலுத்தச் செய்தவை உறவும் கோயிலும் வணிக நம்பிக்கையும் ஆகும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தாரும், பாதிக்குப் பாதி வாடகையாளரும் வாழும் ஒரு தாமானில் அத்தகைய பிணைப்பு இல்லை. பழஞ்சொல்லை மட்டும் எடுத்து வந்தால் அதன் ஆற்றலும் உடன் வந்துவிடாது.

செலுத்தாதோர்

தன்விருப்பாகச் செலுத்தும் தொகையில் உள்ள சிக்கலைக் கணக்கே காட்டும். நாற்பதில் இருபத்தைந்து வீட்டார் மட்டும் 1,500 தந்தால் சேர்வது 37,500. குறையும் 22,500ஐ அவர்களே ஏற்பதாயின் ஆளுக்கு இன்னும் 900 சேர்த்து 2,400 ஆகும். அதைக் கேட்ட மாத்திரத்தில் இருபத்தைந்து பேரில் ஐவரேனும் பின்வாங்குவர். தொகை மேலும் உயரும். தார் இட்டபின் செலுத்தாதவரின் காரைத் தடுக்க வழியில்லை.

காவல் பணியில் நிலைமை வேறு. குடியிருப்புப் பகுதி ஒன்றில் காவல் கட்டணம் செலுத்துவதை நிறுத்திய ஒருவர், தடுப்புக் கம்பத்தைத் தாமே உயர்த்திக்கொண்டு உள்ளே செல்லவேண்டும் என்று சங்கம் கூறியதை எதிர்த்து வழக்காடினார். கூட்டரசு நீதிமன்றம் 2015இல் வெளியான தீர்ப்பில் அவரது மேல்முறையீட்டை ஏற்கவில்லை. காவலர் கம்பத்தை உயர்த்தித் தருவது ஒரு சேவை. செலுத்தாதவருக்கு அதை மறுக்க இயலும். தாரை அவ்வாறு மறுக்க இயலாது. ஆகவே, காவலுக்குக் ‘கட்டணம்’ என்ற சொல் பொருந்துவது போலத் தெருவிற்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் நகர மன்றங்களுக்கு மாதந்தோறும் செலுத்துவது சேவை, பராமரிப்புக் கட்டணம் என வழங்கப்படுகின்றது. வீட்டின் வகைக்கேற்ப அது வேறுபடும். ஆங்கே பின்னணியில் சட்டம் நிற்கின்றது. எமது சங்கத்தின் பின்னணியில் நின்றது ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே.

ஊரார் ஒத்துழைப்பு தானாக நிகழும் என்று நம்புவோர் குடிமராமத்தைச் சுட்டுவதுண்டு. ஏரி, கால்வாய்களை ஊரார் தம் உழைப்பால் சீர்செய்த அம்முறை போற்றத்தக்கதே. எனினும் 1858ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, வழக்கமாக ஊரார் தந்துவந்த அவ்வுழைப்பைச் சட்டத்தின் வழியாகப் பெறவேண்டி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை.

வரி என்று சொல்ல எவருக்கு உரிமை?

வரி விதிப்போர்க்கு அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரம் வரி செலுத்துவோரிடமிருந்து வந்ததாயின் மனம் எளிதில் இணங்கும். இந்நாட்டில் வீட்டு வரியின் வரலாறு நெடியது. 1800ஆம் ஆண்டில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் மதிப்பீட்டாளர் குழு அமைக்கப்பட்டதிலிருந்தே அதனைத் தொடங்கலாம். அதே நகரில் 1951இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965இல் இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அமைக்கப்பெற்ற அரச விசாரணை ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் நிறைவுற்ற அதன் அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கின்றது. தமிழ் மாணவர்கள் ஆதி நாகப்பனை அறிந்திருப்பது பெரும்பாலும் கட்சி வரலாற்றின் வழியாகவே. ஒரு தெருக்குழி அவ்வறிக்கைவரை நம்மை இட்டுச் செல்லக்கூடும் என்பதை வகுப்பில் சொல்ல நேர்ந்தபோது மாணவர்கள் காட்டிய ஆர்வம் எமக்கே வியப்பளித்தது.

தன் வாக்கால் அமைந்த மன்றத்தின் வரியைச் செலுத்துவோனும், நியமன மன்றத்தின் வரியைச் செலுத்துவோனும் ஒரே தொகையைச் செலுத்தலாம். ஆனால் தெரு கெட்டபோது இருவர் கேட்கும் குரலும் ஒன்றன்று. “வரி கட்டுகிறோமே” என்று எமது கூட்டத்தில் எழுந்த குரல் சங்கத்தை நோக்கி எழுந்தது என்றாலும், அதற்குரிய செவி வேறிடத்தில் இருந்தது.

இரண்டாம் கடிதம்

மூன்றாவது கூட்டத்தில் முதற்கடிதத்தைத் திரும்பப் பெறுமாறு நாமே கேட்டுக்கொண்டோம். பெயர்ப் பட்டியல் பலகையிலிருந்து அகற்றப்பட்டது. ஊராட்சி மன்றத்திற்கு எழுதிக் கேட்டதில், தெரு இன்றளவும் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை என்ற மறுமொழி வந்தது. கட்டிய நிறுவனம் கலைக்கப்பட்டுப் பல்லாண்டு ஆகிவிட்டது.

இரண்டாம் கடிதத்தில் நாம் இட்ட சொல் ‘பங்குத்தொகை’ என்பது. பங்கு என்றவுடன் எவ்வளவு பங்கு, எந்த அளவில் பங்கு, எவர் கணக்கு வைப்பது என்னும் வினாக்கள் எழுந்தன. நன்கொடை என்றபோது அவை எழவே இல்லை. விவாதம் இரவு பதினொரு மணி வரை நீண்டது. மொத்தத்தில் பாதியை வீட்டிற்கு இவ்வளவு என்றும், மறுபாதியை முகப்பளவில் என்றும் பிரிப்பதென முடிவாயிற்று. இடைவீட்டிற்கு 750உம் 600உம் ஆக 1,350. மூலை வீட்டிற்கு 750உம் 1,350உம் ஆக 2,100. சுவருக்குத் தார் எதற்கு என்றவர் முகப்பளவு பாதியாகக் குறைந்ததில் அமைதியடைந்தார். விரும்புவோர் பத்து மாதத் தவணையில் செலுத்தலாம் எனவும், பலகையில் பெயர்கள் இன்றி வரவும் செலவும் மட்டும் ஒட்டப்படும் எனவும் எழுதிக்கொண்டோம். மலாய்க் கடிதத்திலும் ‘சும்பாங்கான்’ நீக்கப்பட்டு, பங்கு எனப் பொருள்படும் ‘பஹாகியான்’ இடப்பட்டது. அதனை முன்மொழிந்தவர் எதிர்வீட்டு மலாய் ஆசிரியை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கடிதத்தைப் படித்து, ஓரிடத்தில் விடுபட்ட ஒற்றைச் சிவப்பு மையால் இட்டுத் திருப்பித் தந்தார். முதல் தவணையையும் அன்றே தந்தார். அந்த அம்மையார் மாதம் 135 ரிங்கிட்டாகச் செலுத்தி வந்தார். பத்து மாதங்களின் முடிவில் 51,000 ரிங்கிட் சேர்ந்தது. தெருமுனையிலிருந்து தொடங்கிய தார், அடைபட்ட முனைக்குச் சற்று முன்பாக நின்றுவிட்டது. எஞ்சிய பகுதிக்கு 9,000 ரிங்கிட் தேவை. தெருவை ஏற்று மாரிஸ் முறையில் பதிந்துகொள்ளுமாறு சங்கம் மன்றத்திற்கு விண்ணப்பித்துள்ளது. முழுத் தெருவும் உரிய தரத்தில் இருந்தாலன்றி ஏற்பது கடினம் என அலுவலர் வாய்மொழியாகக் கூறியுள்ளார். அடுத்த கூட்டம் அந்த 9,000 ரிங்கிட்டைப் பற்றியது.